கைதட்டியவர்கள் போனார்கள், நாடா அறுந்தவர்கள் வந்தார்கள்

எங்கள் ஆவணப்படத்தை முதன்முதலில் பார்த்தவர்கள் நாற்பது பேர். அத்தனை பேரையும் எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். உடன் படித்தவர்கள், ஆசிரியர்கள், ஒளிப்பதிவு செய்தவனின் அப்பா, அம்மா, தங்கை. 2006இல், துறையின் கருத்தரங்கக் கூடத்தில், ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடிவிட்டுத் திரையிட்டோம். பதினேழு நிமிடப் படம். பன்னிரண்டாவது நிமிடத்தில் டிவிடி உறைந்து நின்றது. நான் ஓடிப்போய் ப்ளேயரின் தலையில் தட்டினேன், மறுபடி ஓடியது. முடிந்ததும் விளக்கைப் போட்டார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். விளக்கு எரிந்தால் யாராக இருந்தாலும் கைதட்டத்தான் செய்வார்கள் என்று அன்றைக்கு உறைக்கவில்லை. படம் பிரமாதமாக வந்திருக்கிறது என்றே நினைத்துக்கொண்டோம்.

தட்டச்சு இயந்திரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவரைப் பற்றிய படம் அது. எழுபது வயதைத் தாண்டியவர். சின்ன அறை, ஒரே ஜன்னல், மேசை நிறையப் பிரித்துப் போட்ட இயந்திரங்கள். கணினி வந்து ஒரு தொழிலை விழுங்கிவிட்டது என்று சொல்லப் புறப்பட்டோம். அவரோ அதற்காக ஒன்றும் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அதனால் வருத்தத்தை நாங்களே இசையில் சேர்த்துக்கொண்டோம். படத்தின் பெயர் ‘விசைகளின் மௌனம்’. இருபது வயதில் எல்லோருக்கும் மௌனம் பிடிக்கும்.

மினி டிவி கேசட்டில் எடுத்தோம் (தொலைக்காட்சிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேசட்). ஒரு கேசட்டுக்கு 60 நிமிடம். ஃபயர்வயர் கேபிள் வழியாக அதைக் கணினிக்குள் ஏற்ற அதே 60 நிமிடம் ஆகும், சுமார் 13 ஜிபி இடத்தைத் தின்னும். நான்கு கேசட் ஏறினால் துறையின் கணினிக்கு மூச்சு முட்டும். இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை இரண்டு டிவிடியில் எழுதினோம். ஒன்று துறையின் அலமாரிக்குப் போனது, மற்றது என் பெட்டிக்குள் போனது. எங்களுக்கு முந்தைய வகுப்புகளின் படங்களும் அதே அலமாரியில்தான் தூங்கிக்கொண்டிருந்தன. மாணவர் படம் என்றால் ஒரு மாலைத் திரையிடல், ஒரு மதிப்பெண், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு குறும்பட விழா. அதோடு அதன் கதை முடிந்தது.

யூடியூப் அதற்குள் வந்துவிட்டிருந்தது. அதில் முதலில் ஏறிய வீடியோ 2005 ஏப்ரல் 23 அன்றைக்கு வந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான ஜாவேத் கரீம் விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று பேசும் 19 விநாடிக் காட்சி. எங்கள் வகுப்பில் யாரும் அதை நம் படத்துக்கான இடம் என்று நினைக்கவில்லை. பூனை குதிப்பதற்கும் யாராவது வழுக்கி விழுவதற்கும் ஆன இடம் என்றுதான் பேச்சு. 2006 அக்டோபரில் கூகுள் அதை 165 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்த பிறகுதான் எங்கள் ஆசிரியர் ஒருவர், “அதுல அப்படி என்னதான் இருக்கு, காட்டுப்பா” என்று கேட்டார்.

மறு வருடம் படத்தை ஏற்றினோம். அதிலும் ஒரு சிக்கல். 10 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று 2006 மார்ச்சிலேயே வரம்பு வைத்துவிட்டார்கள். அது 15 நிமிடமானதே 2010 ஜூலையில்தான். ஆகவே படத்தை இரண்டாக நறுக்கினோம். பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிறார், அதோடு முதல் பகுதி முடிகிறது. திரையோ 320க்கு 240 புள்ளி. அவருடைய விரல் நுனியில் மை படிந்திருப்பதைக் காட்ட அரை நாள் செலவழித்து ஒரு க்ளோசப் எடுத்திருந்தோம். அது தபால்தலையில் அச்சடித்த மாதிரி தெரிந்தது.

முதல் சில வாரங்கள் பார்த்தது அதே நாற்பது பேர்தான். இணையத்தில் ஏற்றினால் உலகமே பார்க்கும் என்று சொன்ன நண்பனும் அந்த நாற்பதில் ஒருவன்.

எங்கள் வகுப்பில் இன்னொரு குழு ஒரு நகைச்சுவைக் குறும்படம் எடுத்திருந்தது. போலீஸ்காரராக நடித்தவன் திருடனைப் பிடிக்கத் தாமதமாக வந்து சேரும் காட்சிக்குக் கூடம் அதிர்ந்தது. அதையும் ஏற்றினார்கள். பார்த்த வெளியாள் ஒருவர், “இதில் எங்கே சிரிக்க வேண்டும்?” என்று கேட்டு எழுதியிருந்தார். குழுவுக்குக் கோபம். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் பையன் தினமும் முதல் வகுப்புக்குத் தாமதமாக வருபவன். நாங்கள் சிரித்தது அவனைப் பார்த்து. அவனைத் தெரியாதவர்களுக்கு அது ஒரு போலீஸ்காரர் ஓடி வரும் காட்சி, அவ்வளவுதான். கூடத்தில் கிடைக்கும் சிரிப்பில் எவ்வளவு நமக்கானது, எவ்வளவு படத்துக்கானது என்று பிரித்துப் பார்க்க அதுவரை எங்களுக்கு வழியே இருக்கவில்லை.

இப்போது நான் மாணவர் படங்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருக்கிறேன். எடிட் முடிந்தது என்று வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: உங்களில் யாரையும் தெரியாத மூன்று பேர் இதைப் பார்த்தார்களா? நண்பனின் நண்பன் கணக்கில் வராது. பார்ப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் சொல்லக் கூடாது, அவர் முகத்தையும் கை விரலையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விரல் எப்போது அடுத்த வீடியோவை நோக்கிப் போகிறதோ அந்த இடத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். “நல்லா இருக்கு” என்று அவர் கடைசியில் சொல்வதை எழுத வேண்டாம்.

சரி, எங்கள் படத்துக்கு வருகிறேன். சில மாதங்கள் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்: “ஐயா, கேரேஜ் நாடா அறுந்துவிட்டது. எந்தக் கயிறு போடலாம்?”

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நாம் எடுத்தது ஒரு தொழிலின் அஸ்தமனத்தைப் பற்றி, இவர் கயிறு கேட்கிறார் என்று ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டோம். அப்புறம் இன்னொருவர் கேட்டார். அப்புறம் வேறொரு நாட்டிலிருந்து ஒருவர். எங்கள் படத்தைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் ஒரு பழைய தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தவர்கள் என்று மெல்லப் புரிந்தது.

அந்த நாடா விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கதைக்கு அது வேண்டும். தட்டச்சு இயந்திரத்தில் காகிதத்தைத் தாங்கும் மேல்பகுதிதான் கேரேஜ். ஒவ்வொரு எழுத்தைத் தட்டும்போதும் அது ஓர் எழுத்து அகலம் இடது பக்கம் நகர வேண்டும். நகர்த்துவது சுருள்வில் அடைத்த ஒரு சின்ன உருளை. உருளைக்கும் கேரேஜுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய நாடா அல்லது கயிறு. அது அறுந்தால் கேரேஜ் நின்ற இடத்திலேயே நிற்கும். எவ்வளவு தட்டினாலும் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து ஒரே கறுப்புக் குவியலாகிவிடும். புது நாடாவைக் கட்டி, உருளையைச் சில சுற்று முறுக்கி, முறுக்கு விட்டுப் போகாமல் பிடித்துக்கொண்டே மறு முனையைக் கேரேஜில் மாட்ட வேண்டும். கை வழுக்கினால் வில் மொத்தமும் ஒரே நொடியில் விர்ரென்று பிரிந்துவிடும். பெரியவர் அதை நாற்பது விநாடியில் செய்தார். எங்கள் படத்தின் ஆறாவது நிமிடம் அதுதான்.

நீள வரம்பெல்லாம் தளர்ந்த பிறகு, 2011இல் முழுப் படத்தையும் ஒரே துண்டாக மறுபடி ஏற்றினேன். பார்ப்பவர்கள் எந்த நொடியில் விலகுகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தை அப்போதுதான் நிதானமாக உட்கார்ந்து பார்த்தேன். முதல் ஐம்பது விநாடியில் கோடு செங்குத்தாகக் கீழே இறங்கியது. அந்த ஐம்பது விநாடியில் என்ன இருந்தது? துறையின் பெயர், வழிகாட்டியவரின் பெயர், நன்றி, நன்றி, பிறகு கறுப்புத் திரையில் மெல்லத் தோன்றி மெல்ல மறையும் தலைப்பு. அதன்பின் கோடு சோம்பலாகத் தரையோடு தரையாகப் போய், ஆறாவது நிமிடத்தில் திடீரென்று ஒரு மேடு. பின்னால் இழுத்து இழுத்து மறுபடி பார்த்திருக்கிறார்கள்.

அந்த இடத்தில் நாங்கள் என்ன செய்திருந்தோம் என்பதுதான் வேடிக்கை. அவர் நாடாவை எடுக்கிறார், உருளையில் கோக்கிறார், முடிச்சுப் போடக் கை போகிறது. உடனே புல்லாங்குழல் எழும்ப, காட்சி அப்படியே கரைந்து ஜன்னலுக்குப் போய்விடும். ஜன்னலில் மாலை வெயில். திரும்பி வரும்போது கேரேஜ் ஓடிக்கொண்டிருக்கும். முடிச்சு படத்திலேயே இல்லை. அத்தனை பேரும் பின்னால் இழுத்து இழுத்துத் தேடியது அந்த முடிச்சைத்தான்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் அந்த முடிச்சு தேவைப்படவில்லை. எழுந்து போக முடியாது என்பதால் உட்கார்ந்திருந்தார்கள், எங்களைத் தெரியும் என்பதால் பாராட்டினார்கள். இணையத்தில் வந்தவர்களுக்கு எங்களைத் தெரியாது. உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தங்களுக்கு ஏதோ வேண்டும் என்று வந்தார்கள். இந்த மாற்றத்தை எண்ணிக்கை கூடிவிட்டது என்ற ஒன்றாக மட்டும் பார்க்கும் மாணவர்களிடம்தான் எனக்கு இன்றும் தகராறு.

எண்ணிக்கை என்றதும் ஒரு பழைய கதை. அந்தக் காலத்தில் யூடியூபில் பார்வைக் கணக்கு 301இல் வந்து சிக்கிக்கொள்ளும். அதற்கு மேல் வருபவை போலியா நிஜமா என்று சரிபார்த்துவிட்டுத்தான் எண்ணை விடுவார்கள். 2015இல்தான் அந்த முறையைக் கைவிட்டார்கள். எங்கள் மாணவர் ஒருவரின் படம் 301இல் நின்றபோது இரவெல்லாம் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலைத் தேர்வில் தூங்கிவிட்டார். இன்னொரு வருடம், பார்வை எண்ணிக்கைக்கு மதிப்பெண்ணில் ஒரு பங்கு கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்து, சோதனையாகச் செய்தும் பார்த்தோம். முதல் இடம் பிடித்தது உறவினர் கூட்டம் பெரிதாக உள்ள பையனின் படம். அடுத்த வருடமே விட்டுவிட்டோம். யூடியூபே 2012இல் எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கியது. நாங்கள் இப்போது மதிப்பெண் போடுவது வேறொன்றுக்கு: வரைபடத்தைப் பார்த்து, எங்கே ஏன் விலகினார்கள் என்று மாணவர் எழுதும் ஒரு பக்கக் குறிப்புக்கு. எண் எவ்வளவு சிறியதானாலும் பரவாயில்லை. முப்பது பேர் பார்த்த படத்துக்கு மிக நல்ல குறிப்பு எழுதியவர்கள் உண்டு.

இதிலும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அந்த ஐம்பது விநாடிப் பாடத்தைக் கேட்ட ஒரு தலைமுறை மாணவர்கள் எல்லாப் படத்தையும் கூச்சலோடு தொடங்கினார்கள். முதல் மூன்று விநாடியில் கண்ணாடி உடையும், யாராவது அலறுவார்கள், பிறகு “மூன்று நாட்களுக்கு முன்” என்று எழுத்து வரும். நன்றி அட்டைகளைக் கடைசிக்குத் தள்ளுங்கள் என்றுதான் நான் சொன்னேன், கண்ணாடியை உடைக்கச் சொல்லவில்லை. மெதுவாகத் தொடங்கும் படத்துக்கும் ஆள் உண்டு. முதல் ஷாட்டில் பார்க்க ஏதாவது ஒன்று இருந்தால் போதும். ஒரு கை, ஒரு வேலை, பாதியில் கேட்கும் ஒரு பேச்சு.

எல்லாவற்றிலும் எனக்கு இன்றும் உறுத்துவது ஒப்புதல் விஷயம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி, தன் தோழியின் பேட்டியை மையமாக வைத்து நல்ல படம் ஒன்று எடுத்தார். வீட்டில் நடந்த சண்டையைப் பற்றித் தோழி மனம் விட்டுப் பேசியிருந்தார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்தும் இருந்தது. வகுப்பில் பார்த்தவர்கள் கலங்கினார்கள். நான்தான், “இதை ஏன் பூட்டி வைக்க வேண்டும், ஏற்றிவிடுங்கள்” என்றேன். ஒரு வாரத்தில் அந்தத் தோழியின் சொந்தக்காரர் ஒருவர் கண்ணில் பட்டு, வீட்டில் மறுபடி சண்டை. தோழி அழுதுகொண்டே வந்து நின்றார். உடனே நீக்கினோம். நீக்கியது பெரிதாக உதவவில்லை, அதற்குள் யாரோ இறக்கி வைத்திருந்தார்கள். படிவத்தை எடுத்துப் பார்த்தால் “வகுப்புத் திட்டத்துக்காக” என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அவர் கையெழுத்துப் போட்டது நாற்பது பேர் உள்ள கூடத்துக்கு.

அதன்பின் எங்கள் படிவத்தில் இணையத்துக்குத் தனி வரி, தனிக் கையெழுத்து. எடுக்கும்போது ஒரு முறை, எடிட் முடிந்து படத்தைக் காட்டிய பின் இன்னொரு முறை என்று இரண்டு தடவை கேட்போம். கேமரா முன் உட்காரும்போது ஒருவருக்குத் தான் என்ன சொல்லப் போகிறோம் என்பதே தெரியாது, அப்போது வாங்கும் கையெழுத்தை நான் அரைக் கையெழுத்தாகத்தான் எண்ணுகிறேன். சுட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் பார்க்கும் அன்லிஸ்டட் வசதி 2010இல் வந்தது எங்களுக்குப் பெரிய உதவி. படத்தில் வருகிறவர்கள்தான் முதல் பார்வையாளர்கள். சுட்டியை அவர்களுக்கு அனுப்பிவிட்டு ஒரு வாரம் காத்திருப்போம். சிறுவர்கள் வரும் படம் என்றால் பெற்றோருக்கும் அனுப்ப வேண்டும். அப்படிக் காத்திருந்ததில் இரண்டு படங்கள் வெளியே வராமலே போயின. மாணவர்களுக்கு வருத்தம்தான். எனக்கில்லை.

இசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் கையைச் சுட்டுக்கொண்ட விஷயம். கூடத்தில் போட்டபோது எந்தப் பாட்டை வைத்தாலும் தட்டிக் கேட்க ஆளில்லை. 2007இல் யூடியூப் கன்டென்ட் ஐடி முறையைக் கொண்டுவந்த பிறகு, உரிமையாளர் கொடுத்து வைத்த ஒலியோடு நம் படத்தின் ஒலியை இயந்திரமே ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறது. எங்கள் மாணவர் படம் ஒன்று ஒரே இரவில் ஊமையானது. அதைவிடச் சோகம், அதைச் சரி செய்ய முடியாமல் போனதுதான். வசனமும் பாட்டும் ஒரே தடத்தில் கலந்து கிடந்தன, ப்ராஜெக்ட் கோப்பை அழித்துவிட்டிருந்தார்கள். வசனம், இசை, மற்ற ஓசைகள் மூன்றையும் தனித்தனிக் கோப்பாக எடுத்து வைத்துக்கொள்வது பத்து நிமிட வேலை. பின்னாளில் இசையை மாற்றவோ வேறு மொழியில் குரல் கொடுக்கவோ அது கைகொடுக்கும். யாரோ போட்ட பாட்டை எடுப்பானேன், இசைக்கருவி வாசிக்கத் தெரிந்த மாணவர் எப்படியும் பக்கத்து வகுப்பில் ஒருவர் இருப்பார். நண்பராக இருந்தாலும் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் கைபேசி. படத்தை இருட்டறையில் பெரிய திரையில் சரிபார்த்துவிட்டு ஏற்றுகிறோம், பார்ப்பவரோ வெளிச்சத்தில் நடந்துகொண்டே உள்ளங்கையில் பார்க்கிறார். இரவுக் காட்சியில் முகமே தெரியாது. அழகான மெல்லிய எழுத்தில் போட்ட பெயர்கள் கோடுகளாகத் தெரியும். நான் கையாளும் முறை முரட்டுத்தனமானது. எடிட்டை ஒரு கைபேசியில் ஏற்றி, வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, காதொலிப்பான் இல்லாமல், வராந்தாவில் நின்று பார்க்கச் சொல்வேன். பேச்சு புரியவில்லை என்றால் பெரும்பாலும் இசை தூக்கலாக இருக்கிறது என்று அர்த்தம். இரண்டாவது காரணம் கேமராவின் சொந்த மைக்கை நம்பியது. ஒரு நல்ல லென்ஸைவிட ஒரு காலர் மைக் மாணவர் படத்துக்கு அதிகம் செய்யும். இதை எத்தனை முறை சொன்னாலும் லென்ஸைத்தான் கேட்டு வருகிறார்கள்.

காது கேளாத ஒருவர், “ஆறாவது நிமிடத்தில் அவர் வாய் அசைகிறது, என்ன சொல்கிறார்?” என்று எழுதியபோதுதான் எங்கள் படத்துக்கு வசன எழுத்து இல்லை என்பதே எனக்கு உறைத்தது. கூடத்தில் அப்படி ஒருவர் வருவார் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. படத்தோடு சேர்த்துப் பொறித்துவிடாமல் தனி எஸ்ஆர்டி கோப்பாக (வசனமும் அது வர வேண்டிய நேரமும் மட்டும் உள்ள எழுத்துக் கோப்பு) செய்யுங்கள். வேண்டாதவர்கள் அணைத்துவிடலாம், வேறு மொழியும் பின்னால் சேர்க்கலாம், பிழையைத் திருத்தப் படத்தை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. பேச்சைக் கேட்டு யூடியூப் தானாகப் போடும் எழுத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். ‘நாடா’ என்பதை அது எப்படியெல்லாம் எழுதியது என்று பார்த்தால் சிரிப்பு வரும்.

கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. எங்கள் துறையின் முதல் சேனலைத் தொடங்கியவர் எனக்கு முந்தைய வகுப்பு அண்ணன் ஒருவர், தன் சொந்த மின்னஞ்சலில். படித்து முடித்துப் போனார், மின்னஞ்சலையும் மாற்றிக்கொண்டார். கடவுச்சொல் அவருக்கே நினைவில்லை. மூன்று வருடப் படங்கள் அங்கே அனாதையாக இருக்கின்றன, தலைப்பில் ஓர் எழுத்துப் பிழையைக்கூடத் திருத்த முடியாது. இப்போது பல பேர் நிர்வகிக்கும் வசதி இருக்கிறது. குறைந்தது இரண்டு நிர்வாகிகள், அதில் ஒருவர் படித்து முடித்துப் போகாதவராக இருக்கட்டும்.

ஏற்றிவிட்டால் பத்திரமாக இருக்கும் என்று நம்புவதும் தவறு. பார்ப்பவரே அடுத்த காட்சியைத் தேர்ந்தெடுக்கும் படம் ஒன்றை எங்கள் மாணவர்கள் செய்தார்கள். கதவைத் திறக்கலாமா, வேண்டாமா என்று திரை மேலேயே பெட்டிகள் வரும், சொடுக்கினால் வேறு வீடியோவுக்குப் போகும். யூடியூப் அன்னோடேஷன் என்று கொடுத்திருந்த வசதியை வைத்துச் செய்தது. 2019 ஜனவரியில் பழைய அன்னோடேஷன்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். இன்றும் படம் இருக்கிறது. ஒரு பெண் கதவு முன்னால் நின்று கேமராவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சொடுக்க ஒன்றும் இல்லை.

மூல வீடியோவை இரண்டு வன்தட்டில், இரண்டு வேறு இடத்தில் வையுங்கள். விழாவுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், ஏற்கெனவே இணையத்தில் வெளியான படங்களைச் சேர்க்காத விழாக்களும் உண்டு என்பதை நினைவில் வைத்து, விதிகளைப் படித்துவிட்டு அப்புறம் ஏற்றுங்கள். அவசரத்தில் ஏற்றிவிட்டுப் பின்னால் வருந்தியவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

பெரியவரின் கதையைப் பாதியில் விட்டிருந்தேன்.

2013இல் மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். இரண்டு காரணம். அவரிடம் வாங்கிய ஒப்புதல் வகுப்புக்கு மட்டுமானது, இணையத்துக்கு நாங்கள் கேட்கவே இல்லை என்ற குற்ற உணர்வு ஒன்று. இத்தனை பேர் கயிறு கேட்கிறார்கள் என்று சொல்லும் ஆசை மற்றொன்று. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதினேழு நிமிடமும் அசையாமல் பார்த்தார், அந்த நாற்பது பேர் மாதிரியே மரியாதையாக. முடிந்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “நல்லா எடுத்திருக்கீங்க தம்பி. முடிச்சைக் காட்டலையே?” என்றார்.

நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். அதே ஜன்னல்தான்.

இணையத்தில் இருக்கலாமா என்று கேட்டதற்கு, “இருந்துட்டுப் போகட்டும், ஆனா அந்தக் குழல் எதுக்கு?” என்றார். பழைய கேசட் இன்னும் இருக்கிறதா என்றும் கேட்டார். இருந்தது. ஓட்டுவதற்குத்தான் கேமரா இல்லை. துறையில் இருந்தது பழுதாகி ஒரு வருடம் ஆகியிருந்தது. விசாரித்து விசாரித்து ஒருவரிடம் இரவல் வாங்கி, ஃபயர்வயர் துளை உள்ள ஒரு பழைய கணினியையும் தேடிப் பிடித்து, கேசட்டை ஏற்றினேன். நடுவில் இரண்டு இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. நல்லவேளை, முடிச்சுப் போடும் இடம் சேதமில்லை.

பதினொரு நிமிடம், ஒரே ஷாட், வெட்டே இல்லை. மேசை, அவர் கைகள், உருளை, நாடா. குழல் கிடையாது. தலைப்பு: ‘தட்டச்சு இயந்திரத்தில் அறுந்த நாடாவை மாற்றுவது எப்படி’. எங்கள் படத்துக்கு ஆறு வருடத்தில் வந்த ஆட்கள் இதற்கு ஒரே வருடத்தில் வந்தார்கள். எடிட் செய்யாமல் விட்டதற்காக எனக்குப் பாராட்டு கிடைத்த ஒரே வேலை அதுதான்.

கேள்விகளை அச்செடுத்துக்கொண்டு மாதம் ஒரு முறை அவரிடம் போவேன். நான் படிப்பேன், அவர் பதில் சொல்வார், வந்து தட்டச்சு செய்து போடுவேன். கயிறு கிடைக்காவிட்டால் தற்காலிகமாகத் தடித்த, முறுக்கிய மீன்பிடி நூலைப் போடலாம், நீளத்தைப் பழைய நாடாவோடு வைத்து அளந்துகொள்ள வேண்டும் என்பது அவர் அடிக்கடி சொன்ன பதில். ஒருவர் மட்டும் இயந்திரத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நான்காவது நிமிடத்தில் பெரியவர் தலையைத் தூக்கி, “வெளிச்சத்துல நிக்காதப்பா, எத்தனை தடவை சொல்றது” என்று யாரையோ திட்டுகிறாரே, அது யார் என்று கேட்டிருந்தார். அதற்கு மட்டும் அவரிடம் கேட்காமல் நானே பதில் போட்டேன்: “நான்தான்.”